தாய்மாமன் கொண்டு வந்த ஆயில்

அக்கா, கோவிச்சுக்காதீங்க. கோவில்பட்டியில நீங்க பஸ் ஏறினதுல இருந்து உங்க மடியில இருக்கிற டின்னைத்தான் பார்த்துட்டு வாரேன். இன்ஜின் ஆயில்தானே? எந்த வண்டிக்கு? உங்க மாமனார் காருக்கா. எத்தனை வருசத்து வண்டி? இருபத்திநாலா! அப்ப ஒரு நிமிசம் அந்த டின்னை இந்தப் பக்கம் திருப்புங்க. இங்கிலீசுப் பேரெல்லாம் எனக்கு வாசிக்க வராது. நம்பர் வாசிப்பேன். இருபது டபிள்யூ நாப்பது. ம். சரியாத்தான் வாங்கியிருக்கீங்க. துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்து விட்டாங்களா? நல்ல காரியம் பண்ணுனாங்க.

நான் இப்படி யாருகிட்டயும் வலியப் போய்ப் பேசுறவ இல்லக்கா. கடையில மிச்சச் சில்லறையைக் கேட்டு வாங்கக்கூட எனக்கு நாக்கு வராது. எங்க வீட்டுக்காரர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. முன்னாடி சிரிப்பாரு. இப்ப சிரிக்கிறதில்ல.

நாளைக்குக் கழுகுமலையில என் தம்பிக்கு நிச்சயதார்த்தம். கூடப் பிறந்தவன் அவன் ஒருத்தன்தான். பாருங்க, நான் பிள்ளையைத் தூக்கிட்டுத் தனியாப் போறேன். எங்க வீட்டுக்காரர் வரலை. "நீ போயிட்டு வா, என்னை இழுக்காதே" அப்படின்னுட்டாரு. தம்பியும் அவரைக் கூப்பிட வரலை. ஒரு போன் பண்ணல. பொண்ணு வீட்டுக்காரங்க கேப்பாங்கள்ல, மாப்பிள்ளைக்கு அக்கா புருசன் எங்கேன்னு? நான் என்ன சொல்ல? ஆயில்னால வரலைன்னா சொல்ல முடியும்?

ஆயில்தான்க்கா. நம்பமாட்டீங்க. ஆயில்தான்.

எங்களுக்கு ஒரு கார் இருந்துச்சு. அம்பாசடர், டீசல். அவரு லாரியில கிளீனரா இருந்து, டிரைவராகி, அப்புறம் ஒரு டாக்டர் வீட்டுல பழசா வாங்கினது. கல்யாண வீடு, ஆஸ்பத்திரி, கோயில் எல்லாத்துக்கும் எங்க வண்டிதான். சொந்த வண்டி, அக்கா. ஒருத்தன்கிட்டயும் கைகட்டி நிக்க வேண்டாம். நான் கல்யாணமாகி வந்த அன்னைக்கே எனக்கு ஒரு வேலை குடுத்தாரு. சோறு பொங்குறது இல்ல, அதுக்கு எங்க அத்தை இருந்தாங்க. காலையில வண்டி எடுக்கிறதுக்கு முன்னால ஆயில் பாக்கிறது. பேனட்டைத் தூக்கி, அந்த நீளக் கம்பியை உருவி, துணியில துடைச்சு, திரும்ப உள்ள விட்டு எடுத்தா ரெண்டு கோடு தெரியும். மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவுல ஆயில் நிக்கணும். "குறைஞ்சா சொல்லு. குறையலைன்னா சொல்ல வேண்டாம்" அப்படின்னாரு. அவ்வளவுதான் பேச்சு. எனக்கும் அதுதான் வசதி. பேச வேண்டாம் பாருங்க.

நான் கம்பியைப் பாக்கிறதோட நிறுத்த மாட்டேன். கட்டைவிரல்லயும் ஆள்காட்டி விரல்லயும் ஒரு சொட்டுத் தொட்டு, ஒட்டிப் பிரிச்சுப் பார்ப்பேன். கல்யாணத்துக்கு முன்னால கடலைமிட்டாய் கம்பெனியில பாகு காய்ச்சுற இடத்துலதான் வேலை. அஞ்சாப்புதான் படிச்சேன், ஆனா பாகுப் பதத்துல என்னை ஒருத்தரும் ஏமாத்த முடியாது. ஒருநாள் அவரு பார்த்துட்டாரு. "என்ன புள்ள பண்ற?"ன்னாரு. "பதம் பாக்கிறேன்"னேன். அவருக்கு ஒரே சிரிப்பு. அப்புறம் உக்காந்து சொல்லிக் குடுத்தாரு. டின்னுல ரெண்டு நம்பர் இருக்குல்ல, முன்னாடி நம்பர் வண்டி ஆறிக் கிடக்கும்போது ஆயில் எப்படி இருக்கும்னு சொல்றது. பின்னாடி நம்பர் சூடேறின பிறகு எப்படி நிக்கும்னு. நம்பர் கூடினா கெட்டி. பாகும் அப்படித்தானேக்கா, அடுப்புல இளகும், ஆறினா இறுகும். எனக்கு உடனே பிடிபட்டுருச்சு.

"புது இன்ஜினுக்குள்ள இடுக்கு நெருக்கமா இருக்கும். அதுக்கு நீர்த்த ஆயில்தான் நுழையும். நம்மளுது தேஞ்சது. இடுக்கு அகண்டுபோச்சு. அதுல நீர்த்ததை ஊத்துனா நிக்காது, ஓடிரும். இரும்பும் இரும்பும் உரசிக்கும்" அப்படின்னாரு. அப்ப ரொம்பக் கெட்டியா ஊத்திட்டா நல்லதான்னு கேட்டேன். அதுவும் கூடாதாம். காலையில முதல்ல ஸ்டார்ட் பண்றப்ப மேல ஏற நேரம் பிடிக்குமாம். நம்ம ஊரு வெயிலுக்கும் அந்த வண்டிக்கும் இருபது நாப்பது. அதான் கணக்கு. புத்தகத்துலயும் அதான் போட்டிருக்காம், செல்வின் மெக்கானிக்கும் அதான் சொல்லுவாரு. செல்வினே ஒருதடவை ஆயில் மாத்துறப்ப என்னைக் கூப்பிட்டு, "தங்கச்சி, தொட்டுப் பாரு, இது அசலா கலப்படமா?"ன்னு கேட்டிருக்காரு. கலப்படம்னு சொன்னேன். கலப்படம்தான்.

பெருமைக்குச் சொல்லலை. நடந்ததைச் சொல்றேன். ஏய் கனிஷ்கா, அத்தை சேலையைப் பிடிச்சு இழுக்காத! விடுங்க, எச்சில் பண்ணிருவா.

இவளுக்குத்தான் காது குத்து வச்சோம், போன ஐப்பசியில. அங்கதான் எல்லாம் ஆரம்பிச்சது.

எங்க மதினி ஒருத்தி இருக்காங்க, அவரோட அக்கா. சண்முகத்தாய். வாய்னா வாய், அப்படி ஒரு வாய். எங்க அப்பா இல்லை, அம்மா தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடுக்குறாங்க. எங்க வீட்டுல இருந்து என்ன சீர் வரும்? தலைதீபாவளிக்கு ஒண்ணும் வரல. வளைகாப்புக்கு வந்தது கொஞ்சம். அதை மதினி விடவே மாட்டாங்க. "ஏளா பூங்கனி, உங்க வீட்டுச் சீரு வந்த மாட்டுவண்டி எங்கேளா வழி மறந்து போச்சு?" அப்படிம்பாங்க. பத்துப் பேருக்கு நடுவுல. நான் குனிஞ்சுட்டு நிப்பேன். எங்க வீட்டுக்காரர் கேப்பாருன்னு பார்ப்பேன். "சும்மா இரு, அக்கா" அப்படின்னு ஒரு வார்த்தை சொல்லுவாரு. அது ஒரு கேள்வியாக்கா? நறுக்குன்னு கேக்க வேண்டாமா?

என் தம்பி கொம்பையா மெட்ராஸ்ல ஒரு பெரிய கார் சர்வீஸ்ல இருக்கான். மெக்கானிக்குன்னு எங்க மாமியார் வீட்டுல சொல்லி வச்சிருந்தேன். கார் கழுவுறான். என்ன, இன்னைக்குக் கழுவுறவன் நாளைக்கு மெக்கானிக் ஆகமாட்டானா? அவன் காது குத்துக்கு வந்தான் பாருங்க, தாய்மாமனா, வேட்டி கட்டிக்கிட்டு, அஞ்சு தட்டோட. மேளக்காரனை வேற அவனே பேசி வச்சிருக்கான். ஒரு தட்டுல பழம், ஒண்ணுல பூ, ஒண்ணுல பாவாடை சட்டை, ஒண்ணுல தோடு. அஞ்சாவது தட்டுல ஒரு நாலு லிட்டர் டின், பக்கத்துல ரெண்டு ஒரு லிட்டர் டப்பா. சந்தனம் குங்குமம் வச்சு, டின்னு கழுத்துல ஒரு மல்லிகைச் சரம்.

"ஏளா, இது என்ன, பலகாரம் சுடுறதுக்கா?" அப்படின்னாங்க மதினி. எல்லாரும் சிரிச்சாங்க.

கொம்பையா அசரலை. "அத்தான் வண்டிக்கு, மதினி. மெட்ராஸ்ல கப்பல் மாதிரி கார் வருது, எல்லாம் இதைத்தான் குடிக்குது. இதுக்கு மேல ஆயிலே கிடையாது"ன்னான்.

உடனே அங்க இருந்த ஆம்பளைங்க எல்லாம் வந்து டின்னைத் தூக்கிப் பாக்கிறாங்க. பளபளன்னு வெள்ளி நிறம். "எப்பா, மச்சினன்னா இப்படி இருக்கணும்ப்பா" அப்படின்னு ஒரு மாமா சொன்னாரு. அந்த ஒரு வார்த்தைக்காக நான் நாலு வருசம் காத்துட்டு இருந்தேன்க்கா. மதினி வாயடைச்சு நின்னாங்க. அதைக் கண்ணால பார்த்தேன்.

நம்பரையும் பார்த்தேன். முன்னால முட்டை, பின்னால இருபது.

என்ன செய்யச் சொல்றீங்க? அவன் சம்பளத்தை மிச்சம் பிடிச்சு வாங்கிட்டு வந்திருக்கான். புதுக் காருக்கு ஊத்துறதை எங்க கிழட்டு வண்டிக்குக் கொண்டு வந்திருக்கான்னு நான் அந்தப் பந்தல்ல எந்திரிச்சுச் சொல்லவா? அவன் மெக்கானிக் இல்லன்னு அங்கேயே அவிழ்த்துப் போடவா? சொன்னா அடுத்த நிமிசம் மதினி ஆரம்பிச்சிருப்பாங்க. சொல்லலை. யாராவது என்னைக் கேட்டாங்களா? அதையும் பார்க்கணும். பதம் தெரிஞ்சவ ஒருத்தி நிக்கிறாளே, அவளைக் கேப்போம்னு ஒருத்தர் கேக்கலை.

மறுநாள் காலையில சொந்தக்காரங்க எல்லாம் காப்பி குடிச்சிட்டு நிக்கிறாங்க. "மாப்ளே, சீரை ஊத்துடா பாப்போம்" அப்படின்னு ஒரே கூத்து. எங்க வீட்டுக்காரர், "இருக்கட்டும், செல்வின் வரட்டும், ஒரு வார்த்தை கேட்டுட்டு ஊத்துவோம்"னாரு. செல்வின் அன்னைக்கு அவரு மாமியார் ஊருக்குப் போயிருந்தாரு. மதினி விடல. "ஏன்டா தம்பி, உன் மச்சினன் கொண்டு வந்ததே இது ஒண்ணு. அதுவும் ஆகாத சீராப் போச்சா?"ன்னாங்க. கொம்பையா முகம் கறுத்துப் போச்சு. அப்புறம் என்ன, வண்டிக்கு அடியில சட்டியை வச்சுப் பழைய ஆயிலை இறக்கி, இதை ஊத்திட்டாரு. கைதட்டுனாங்கக்கா! ஆயில் ஊத்துனதுக்கு.

ஸ்டார்ட் பண்ணுன உடனே வண்டி என்னமோ லேசா இருந்துச்சு. "பஞ்சு மாதிரி ஓடுதே மச்சினா"ன்னு கொம்பையா தோள்ல தட்டுனாரு. அன்னைக்கு ராத்திரி அவனை மெட்ராஸ் பஸ்ல ஏத்திவிட்டு வர்ற வரைக்கும் அவன் அத்தான் கையைப் பிடிச்சிட்டே இருந்தான். அந்தக் கை இப்ப போன்ல நம்பர் அழுத்த மாட்டேங்குது.

நாலாம் நாளே வண்டி நின்னுட்டு இருக்கிறப்ப டேஷ்போர்டுல அந்தச் சிவப்பு விளக்கு மினுக்கு மினுக்குன்னுச்சு. ஆயில் அழுத்தம் பத்தலைன்னா எரியுறது. ஓட்டத்துல அணைஞ்சிரும். சிக்னல்ல நின்னா எரியும். அவரு கொம்பையாவுக்குப் போன் போட்டாரு. "புது ஆயில்ல அத்தான், இன்ஜினுக்குப் பழகப் பத்து நாளாகும்" அப்படின்னிருக்கான். யாரையாவது கேட்டுத்தான் சொல்லியிருப்பான். செல்வின்கிட்ட ஒரு தடவை காட்டிட்டு வந்துடறேன்னு இவரு கிளம்புனாரு. இவளுக்கு அன்னைக்கு உடம்பு சுட்டுச்சு, ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு கூட்டிட்டுப் போயிட்டேன். பொய்யில்லக்கா, சுடத்தான் செஞ்சது. டாக்டர் பல்லு முளைக்குதுன்னு அனுப்பிட்டாரு. செல்வின் கடை அந்தத் தெருவுலதான் இருந்துச்சு. நேரமாயிருச்சுன்னு வந்துட்டோம்.

காலையில கம்பியை உருவிப் பார்த்தா ஆயில் குறையுது. முன்னாடியெல்லாம் மாசத்துக்கு ஒரு டம்ளர் குறைஞ்சாப் பெரிசு. இப்ப ரெண்டு நாளைக்கு ஒரு டம்ளர். வண்டி நின்ன இடத்துல கோலப்பொடி மேல கறுப்புச் சொட்டு. விரல்ல தொட்டுப் பிரிச்சா பாகுல விழுற மாதிரி இழையே விழலை, தண்ணி.

அந்த ரெண்டு ஒரு லிட்டர் டப்பா இருந்துச்சுல்ல? அதை எடுத்து அவரு குளிக்கப் போற நேரமாப் பார்த்து ஊத்திடுவேன். மேல் கோடு வரைக்கும் ஊத்திடுவேன். சொட்டு விழுந்த இடத்துல சாணியைத் தெளிச்சுக் கூட்டிடுவேன். அவரு என்ன சொல்லியிருக்காரு? குறைஞ்சா சொல்லு. குறையலையே, நான்தான் ஊத்திட்டேனே. என்ன சொல்ல? என் தம்பி கொண்டு வந்தது என் தம்பி வண்டிக்குள்ளேயே போகுது, அதுல யாருக்கு என்ன நட்டம்? அவன் அத்தான் வண்டிக்குள்ளன்னு சொல்ல வந்தேன். ஒண்ணுதானே.

இருபது நாள் இப்படியே ஓட்டிட்டேன். சும்மா இல்லக்கா, பிள்ளையையும் பார்த்துக்கிட்டு, மாமியாருக்கும் தெரியாம. நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கார்த்திகை பிறந்துச்சு. சபரிமலைக்கு மாலை போட்ட சாமிங்க ஆறு பேரு எங்க வண்டியைப் பேசுனாங்க. மூணு நாள் பயணம். வருசா வருசம் அந்த ரெண்டு மாசம் ஓட்டுறதுலதான் எங்க பொழைப்பே. கிளம்புற அன்னைக்குக் காலையில கடைசி டப்பாவையும் கவுத்து ஊத்திட்டேன். மேல் கோட்டுக்குத் தொட்டும் தொடாம நின்னுச்சு. அவரு சந்தனம் வச்சுக்கிட்டே, "அளவு இருக்கா?"ன்னாரு. இருந்துச்சு. இருக்குன்னேன். அதுல பொய் என்ன இருக்கு? மூணு நாள் ஏத்தம் ஏறுறதுக்கு அது காணுமான்னு கேட்டாரா? அதைக் கேக்கலை.

ரெண்டாம் நாள், பம்பைக்கு ஏறுற மலையில, வண்டி கடகடகடன்னு ஒரு சத்தம் போட்டுச்சாம். அப்படியே பிடிச்சுக்கிச்சாம். தள்ளுனாலும் அசையலையாம். சாமிங்களை வேற வண்டி பிடிச்சு ஏத்திவிட்டுட்டு, நடு ரோட்டுல இவரு வண்டி மேல கையை வச்சிட்டு நின்னிருக்காரு. லாரியில கட்டி இழுத்துட்டு வர்றதுக்கு ரெண்டு நாள் ஆச்சு. வந்து இறங்கினப்ப முகத்துல தாடி. ஒரு டம்ளர் தண்ணி வாங்கிக் குடிச்சாரு.

இன்ஜின் போச்சு. செய்யணும்னா வண்டியை வித்தாக்கூடக் காணாது. காயலான் கடைக்குப் போயிருச்சு. இப்ப அவரு ஒரு பால் கம்பெனி வேன் ஓட்டுறாரு. அடுத்தவன் வண்டி. முதலாளி பையன் இருபது வயசு, "என்னய்யா லேட்டு"ங்கிறான்.

மதினி சும்மா இருப்பாங்களா? "மச்சினன் சீரு வீட்டு வண்டியையே தின்னுருச்சு" அப்படின்னு ஊரெல்லாம் சொல்லிட்டாங்க. அது எப்படியோ மெட்ராஸ் வரைக்கும் போயிருச்சு. கொம்பையா எனக்குப் போன் பண்ணி, "அத்தான்தானே சொல்றாரு? நான் ஆசையாக் கொண்டு வந்ததுக்கு இதுதான் மரியாதையா? என் ஆயில் நல்ல ஆயில், அவரு வண்டிதான் ஓட்டை"ன்னு அழுதான். இவருகிட்ட சொன்னேன். "நான் எவன்கிட்டயும் ஒண்ணும் சொல்லலை. ஆனா உன் தம்பி பழகிரும்னு சொன்னான்ல" அப்படின்னாரு. அவ்வளவுதான், ரெண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை அத்துப் போச்சு. ரெண்டு பேருக்கும் நடுவுல நான் கிடந்து அரைபடுறேன்.

டப்பா ரெண்டையும் குளியல் ரூமுக்குப் பின்னால ஒரு சாக்குல போட்டு வச்சிருந்தேன். ஒருநாள் பார்த்தா அவரே எடுத்துப் பழைய பிளாஸ்டிக்காரனுக்குப் போட்டுட்டு இருக்காரு. ரெண்டும் காலி. கையில பிடிச்சு ஒரு தடவை பார்த்தாரு, என்னை ஒரு தடவை பார்த்தாரு, போட்டுட்டாரு. ஏன் காலியா இருக்குன்னு ஒரு வார்த்தை கேக்கலை. கேட்டாத்தானே நான் சொல்ல முடியும்? நானாப் போய் எப்படி ஆரம்பிப்பேன், எனக்குத்தான் பேச வராதே.

என்னக்கா? முதல்லயே, ஊத்துறதுக்கு முன்னால அவரு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேங்கிறீங்களா?

கேட்டாரு.

கேட்டாருதான். கேக்கலைன்னா சொல்றேன்? அன்னைக்குக் காலையில எல்லாரும் கத்திட்டு இருக்கிறப்ப, டின்னைத் திறந்து மூடியில ரெண்டு சொட்டு எடுத்துக்கிட்டு அடுப்படிக்கு வந்தாரு. என் விரலைப் பிடிச்சு அதுல தொட வச்சாரு. "எனக்கு நம்பர் இடிக்குது புள்ள. உன் விரலுக்குத்தான் தெரியும். ஊத்தவா, வேண்டாமா? நீ சொல்லு, வேண்டாம்னா நான் ஏதாவது சொல்லி நிறுத்திடறேன்" அப்படின்னாரு. வாசல்ல தம்பி நிக்கிறான். அவன் பின்னால மதினி நிக்கிறாங்க. ஊத்துங்கன்னேன். வேற என்ன சொல்லுவா ஒரு பொம்பளை? அது ஒரு கேள்வியாக்கா? அப்படிக் கேட்டா யாராயிருந்தாலும் ஊத்துங்கன்னுதான் சொல்லுவாங்க.

சரி, கேட்டாருல்ல? கேட்டதை வெளியில சொன்னாரா? அதுதான்க்கா எனக்கு ஆத்தாமை.

வண்டியை இழுத்துட்டு வந்து செல்வின் கடையில போட்டு, அடிச் சட்டியைக் கழட்டுனாங்க. நானும் பிள்ளையை இடுப்புல வச்சிட்டு ஓரமா நின்னேன். மதினி, மாமியார், பக்கத்து வீட்டு அண்ணாச்சி எல்லாரும் நிக்கிறாங்க. உள்ள இருந்து ஒரு டம்ளர் ஆயில்கூட வரலை. செல்வின் விரல்ல தொட்டுப் பார்த்துட்டு, "எவன்யா இதை இந்த வண்டிக்கு ஊத்துனான்?"ன்னு கத்துறாரு. இவரு, "நான்தான். யோசிக்காம ஊத்திட்டேன்"னாரு. செல்வின் என் பக்கம் திரும்பிட்டு, "உன் வீட்டுல தங்கச்சி தொட்டாலே சொல்லிருமேய்யா. அதுகிட்டக் கேட்டிருக்கலாம்ல? தினம் அதுதானே பாக்குது?"ன்னாரு.

எல்லாரும் என்னைத்தான் பார்த்தாங்க. மதினி வாயைத் திறக்கப் போனாங்க.

இவரு என்ன சொன்னாரு தெரியுமா? என்னைப் பாக்காம, கையில இருந்த கிரீஸைத் துடைச்சுக்கிட்டே, "அவளுக்கு ஒண்ணும் தெரியாது. அவளை ஏன் இழுக்குறீங்க" அப்படின்னாரு.

எனக்கு ஒண்ணும் தெரியாதாம்! செல்வின் முன்னால, மதினி முன்னால. நாலு வருசமாத் தினம் கம்பியை உருவிப் பதம் பார்த்தவளுக்கு ஒண்ணும் தெரியாதாம். பொண்டாட்டிகிட்டக் கேட்டேன்னு சொன்னா இந்த ஆம்பளைக்குக் கவுரவம் குறைஞ்சிரும், பாருங்க. வண்டி போனதைக்கூட விட்டுடலாம்க்கா. அந்த வார்த்தையை மட்டும் நான் எப்படி மன்னிக்க?